மோர்பின் என்றதும் ஏன் பயப்படுகிறோம்? வலி வாங்கிகளும் நீண்டநேர நிவாரணமும்

#1 மலைத்தொடர் எழுதியது:

புற்றுநோய்க்காரர் இருக்கும் வீட்டில் மோர்பின் என்ற பேச்சு எழுந்தால் போதும், எல்லாருடைய முகமும் மாறிவிடுகிறது. "அதைக் கொடுத்தா கதை முடிஞ்சுது" என்பார் ஒருவர். "பழகிப்போய் விட முடியாமப் போயிரும்" என்பார் இன்னொருவர். இரண்டையும் நம்பி, கிளினிக்கில் தந்த மருந்தைப் பாதியாக்கிக் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் வலி தாங்காமல் கத்தும்வரை அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். அந்த முனகல் தோட்டத்து லய வீட்டில் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும்.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். நரம்புத் தொகுதிப் பாடத்தில் இரண்டு வரியில் கடந்துபோகிற விடயம் இது. அந்த அறிவு நம் வீடுகளுக்குள் போனால் பல பேருடைய கடைசி மாதங்கள் வேறு மாதிரி இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அடிப்படை. மோர்பினை அபினியிலிருந்து தனியாகப் பிரித்தவர் ஜேர்மனியைச் சேர்ந்த சேர்ட்டூர்னர், 1800களின் ஆரம்பத்தில். அது உடம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்று காட்ட 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சொலமன் ஸ்னைடரின் ஆய்வுகூடத்தில் இருந்த கேண்டஸ் பேர்ட் என்ற ஆராய்ச்சி மாணவி, மோர்பினின் வேலையைத் தடுக்கும் நலொக்சோன் என்ற மருந்தில் கதிரியக்கம் ஏற்றிப் பாவித்து, மூளையில் ஓபியாய்ட் வாங்கிகள் (அபினி வகை மருந்துகள் வந்து ஒட்டும் புரதங்கள்) இருப்பதை நிரூபித்தார். அதே ஆண்டில் நியூயோர்க்கில் எரிக் சைமனும் சுவீடனில் லார்ஸ் டெரேனியஸும் தனித்தனியாக அதையே கண்டார்கள். 1978 இல் இந்தத் துறைக்கு லாஸ்கர் என்ற பெரிய மருத்துவ ஆராய்ச்சிப் பரிசு கொடுத்தபோது பேர்ட்டின் பெயர் அதில் இல்லை. அதை அவர் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். என் வகுப்பில் உள்ள பெண்பிள்ளைகளுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

அப்புறம் ஒரு கேள்வி வந்தது. அபினி தரும் கசகசாச் செடியின் பாலுக்கு மனித மூளையில் ஏன் வாங்கி இருக்க வேண்டும்? உடம்பே அதுபோல ஒன்றைச் செய்கிறது என்பதுதான் பதில். 1975 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஜோன் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெபலின்களைப் பிரித்தெடுத்தார்கள். ஐந்தே ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய சங்கிலிகள். ஆக, மோர்பின் பிடித்துக்கொள்கிற இடம் நம் உடம்பு தன் சொந்த வலியை அடக்குவதற்கு வைத்திருக்கிற இடம்.

இதில் அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். தாதியர், பார்மசியில் இருப்பவர்கள், ஆராய்ச்சியில் இருப்பவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும்.

#2 மஸ்கெலியா_மகன் எழுதியது:

சேர், சரியான நேரத்தில் போட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்குப் புரஸ்டேட் புற்றுநோய், எலும்புக்குப் பரவிவிட்டது. இடுப்பிலும் முதுகிலும் வலி. கிளினிக்கில் மோர்பின் பாணி (குடிக்கும் மருந்து) தந்து நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கொடுக்கச் சொன்னார்கள். மருந்துத் துண்டில் எழுதியிருந்தது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். அம்மாவுக்கு இரண்டும் வாசிக்கத் தெரியாது. நான் கொழும்பில் வேலை, போனில்தான் விளங்கப்படுத்தினேன்.

இப்போது அத்தைமார் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். அப்பாவும் "வலி வந்தா மட்டும் தா" என்கிறார். மூன்று கேள்வி: பழக்கமாகிவிடுமா? வலி இல்லாத நேரத்திலும் ஏன் கொடுக்க வேண்டும்? ஒரு நாளைக்கு ஒருக்கா, இரண்டு தரம் மட்டும் கொடுக்கிற மாதிரி ஒன்றும் இல்லையா?

#3 இரவு_டியூட்டி எழுதியது:

தம்பி, நான் வார்டில் வேலை செய்யும் தாதி. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் வீடுகளில் பிழைத்துப்போவது அங்கேதான்.

வாயால் கொடுக்கிற சாதாரண மோர்பின் இரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மூன்று மணித்தியாலம்தான் எடுக்கும். வலியைப் பிடித்து வைத்திருப்பது ஏறக்குறைய நாலு மணித்தியாலம். வலி வந்த பிறகு கொடுத்தால், மருந்து ஏறும்வரை அவர் தாங்க வேண்டும். அந்த நேரத்தில் வலி உச்சிக்குப் போய்விடும், அதைக் கீழே கொண்டுவர வழமையான அளவு போதாமல் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 1986 இல் புற்றுநோய் வலிக்கு வெளியிட்ட வழிகாட்டலிலேயே மணிக்கூட்டைப் பார்த்துக் கொடு, வாயால் கொடு, படிப்படியாக ஏற்று என்று இருக்கிறது. இரவில் எழுப்பாமல் இருக்க, படுக்கும்போது கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும் முறையும் உண்டு. அதை டொக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இடையில் திடீரென்று வலி எழும்பினால் கொடுப்பதற்கான அளவையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம். அவை பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் குறையாது. மருந்து தொடரும்வரை அதுவும் தொடரும். ஆகவே மோர்பின் தொடங்கும் அன்றே மலம் இளக்கும் மருந்தும் தொடங்க வேண்டும். அப்பாவுக்குத் தரவில்லை என்றால் அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் போய்க் கேளுங்கள். வயிறு இறுகிப்போனதால்தான் பலர் மோர்பினையே நிறுத்துகிறார்கள்.

துண்டு விளங்காவிட்டால் மருந்து தரும் இடத்திலேயே நின்று தமிழில் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளலாம். அது நோயாளியின் உரிமை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் ஒரு தாளில் சூரியன், நிலா படம் போட்டு, ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு கட்டம் கீறிக் கொடுங்கள். கொடுத்ததும் புள்ளடி போடட்டும்.

#4 கொத்மலை_ஓயா எழுதியது:

நான் வெளிநாட்டில் மருந்தியல் ஆராய்ச்சி செய்கிறேன், ஊர் கொத்மலைப் பக்கம். முதல் கேள்விக்கு நான் முயற்சி செய்கிறேன். கொஞ்சம் நீளும், மன்னிக்கவும்.

வலி நரம்பு முண்ணாணின் பின்பகுதியில் வந்து முடிகிறது. அந்த முனைக்குள் கல்சியம் நுழைந்தால் குளூட்டமேற்றும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பதார்த்தமும் வெளிவந்து அடுத்த நரம்புக்கலத்தைத் தூண்டும். மியூ என்ற ஓபியாய்ட் வாங்கியில் மோர்பின் ஒட்டியதும் கலத்துக்குள் செய்தி கடத்தும் ஜி புரதம் இயங்கி அந்தக் கல்சியக் கால்வாயை அடைக்கிறது. அடுத்த கலத்தில் பொற்றாசியக் கால்வாயைத் திறந்து அதை இலகுவில் தூண்டப்படாத நிலைக்குத் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் தடை. இதற்கு மேல், நடுமூளையிலிருந்து முண்ணாணுக்கு இறங்கும் வலியடக்கும் பாதையையும் மோர்பின் எழுப்பிவிடுகிறது.

டெல்டா, கப்பா என்று வேறு ஓபியாய்ட் வாங்கிகளும் உண்டு. மோர்பினுக்கு முக்கியமானது மியூ. 1996 இல் பிரிஜிட் கீஃபரின் குழு மியூ வாங்கி இல்லாத எலிகளை உருவாக்கியது. அந்த எலிகளுக்கு மோர்பின் கொடுத்தால் வலி குறையவில்லை. மோர்பினைத் தேடும் நாட்டமும் வரவில்லை, நிறுத்தியபோது வரும் உபாதையும் வரவில்லை. நன்மையும் ஆபத்தும் ஒரே வாங்கியில் கட்டுண்டு கிடக்கின்றன என்று அந்த ஆய்வு காட்டியது. மூச்சை இயக்கும் மூளைத்தண்டிலும் குடலிலும் அதே வாங்கிதான். அக்கா சொன்ன மலச்சிக்கலின் காரணம் அதுவே.

இப்போது பழக்கம் என்பதைப் பிரித்துப் பார்ப்போம். தொடர்ந்து கொடுத்தால் வாங்கிகள் மந்தமாகி அதே அளவு மருந்து குறைவாக வேலை செய்யலாம். இது சகிப்பு. திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றோட்டம், நடுக்கம் வரலாம். இது உடல் சார்ந்திருத்தல், யாருக்கும் வரும், படிப்படியாகக் குறைத்தால் தவிர்க்கலாம். தீங்கு தெரிந்தும் மருந்தைத் துரத்திக்கொண்டு போவதுதான் அடிமைத்தனம். புற்றுநோய் வலிக்கு டொக்டரின் கண்காணிப்பில் எடுக்கும் உங்கள் அப்பாவுக்கு முதல் இரண்டும் வரலாம், மூன்றாவது வருவது அரிது. சரியான அளவில் கொடுத்த மோர்பின் ஆயுளைக் குறைக்கிறது என்பதற்கும் ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. சாகப்போகிறவருக்குத்தான் மோர்பின் என்ற எண்ணம் ஏன் வந்தது? நோய் முற்றும்வரை கொடுக்காமல் வைத்திருந்து கடைசிக் கிழமையில் கொடுத்ததால்தான்.

இன்னொன்று. எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு நல்ல மருந்து. எலும்பில் பரவிய ஓர் இடத்துக்கு ஒரே தடவையில் 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுப்பதும் பல நாள் பிரித்துக் கொடுப்பதும் வலியைக் குறைப்பதில் ஏறத்தாழ ஒன்றுதான் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பலன் மாதக்கணக்கில் நிற்கலாம். கண்டியில், பதுளையில், மஹரகமையில் என்று எங்கே காட்டினாலும் "ஒரே நாளில் முடிக்கலாமா" என்று கேளுங்கள். மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவருக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்லத் தேவையில்லை.

#5 ஹட்டன்_பார்மசி எழுதியது:

எல்லாரும் ஒரு பக்கம் மட்டும் பேசுகிறீர்கள். நான் பார்மசியில் நிற்கிறவன். துண்டு இல்லாமல் டிரமடோல் என்ற ஓபியாய்ட் மருந்து கேட்டு வரும் பிள்ளைகளுக்கு வயது பதினேழு, பதினெட்டுத்தான் இருக்கும். நரம்பு வலி மருந்தான பிரிகபலினுக்கும் அதே கதை. நாங்கள் இல்லை என்று அனுப்பினால் வேறு எங்கேயோ வாங்குகிறார்கள். வேலையில்லாமல் கொழும்புக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகள் பலர் இதில் விழுந்திருக்கிறார்கள்.

"நீண்டநேர மருந்து" என்றால் எனக்கு ஒக்ஸிகொன்டின் என்ற ஓபியாய்ட் மாத்திரைதான் ஞாபகம் வருகிறது. 1996 இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. மெதுவாக வெளிவருவதால் அடிமையாக்கும் ஆபத்துக் குறைவு என்று சொல்லி விற்றார்கள். மாத்திரையை நசுக்கினால் முழு அளவும் ஒரேயடியாக வெளிவந்தது. 2007 இல் அந்தக் கம்பனி தவறான தகவல் கொடுத்து விற்றதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது, 2020 இல் மறுபடியும். பின்னர் கள்ளச்சந்தை ஹெரோயினும் பென்டனில் என்ற மிகப் பலமான ஓபியாய்டும் சேர்ந்துகொண்டன. 2021 இல் அந்த நாட்டில் எல்லாப் போதைப்பொருளையும் சேர்த்து ஓராண்டில் ஒரு இலட்சத்துக்கு மேல் ஆட்கள் செத்தார்கள். பயப்பட வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வது ஆபத்து.

#6 மலைத்தொடர் எழுதியது:

உங்கள் பயம் நியாயமானது. பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை நானும் வகுப்பறையில் பார்க்கிறேன். ஆனால் அமெரிக்காவின் பிரச்சினையும் நம்முடையதும் எதிர்த் திசையில் இருக்கின்றன. 2017 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: உலகில் ஓராண்டில் விநியோகமாகும் ஏறக்குறைய 300 தொன் மோர்பின் அளவுக்குச் சமமான ஓபியாய்டில், மிக வறிய நாடுகளுக்குப் போனது 0.1 தொன். அமெரிக்காவில் முதுகு வலிக்கும் பல்லு வலிக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். இங்கே எலும்புப் புற்றுக்கே கொடுக்கத் தயங்குகிறோம்.

போதையைத் தடுக்கப் போய் மருந்தையே மறைத்த கதை பக்கத்து நாட்டில் நடந்தது. இந்தியாவில் 1985 இல் வந்த போதைப்பொருள் சட்டம் அவ்வளவு கடுமையாக இருந்ததால் ஆஸ்பத்திரிகள் மோர்பின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 2014 இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த இடைக்காலத்தில் கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993 இல் டொக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் சக வைத்தியர்களும் ஒரு வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஊர் ஆட்களே தொண்டர்களாகப் பயிற்சி எடுத்து வீடு வீடாகப் போனார்கள். மோர்பின் வீட்டுக்குப் போனது, கணக்கும் ஒழுங்காக இருந்தது. நம் தோட்டங்களில் மரணாதார சங்கமும் கோயில் கமிட்டியும் இளைஞர் மன்றமும் இருக்கின்றன. ஒருவர் செத்தபின் கூடுகிற அதே ஆட்கள் அவர் உயிரோடு இருக்கும்போது மருந்து நேரத்துக்குப் போகிறதா என்று பார்க்க முடியாதா? இதை நான் மனதார நம்பிக் கேட்கிறேன்.

#7 ஊவாக்குயில் எழுதியது:

என் அம்மா கொழுந்து எடுத்தே காலம் கழித்தவர், இப்போது ஓய்வு. தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்த கழுத்தும் தோளும் எப்போதும் வலி. முழங்காலும் சேர்ந்துவிட்டது. பனடோல், கோடாலித் தைலம், சித்தாலேப இவைதான் வாழ்க்கை. வலி கூடினால் டைகுளோபினாக். இப்படிப்பட்ட வலிக்கு ஒரு தரம் போட்டு மாதக்கணக்கில் நிற்கிற ஊசி ஏதும் ஆராய்ச்சியில் இருக்கிறதா? மோர்பின் மாதிரி ஒன்று இதற்கும் சரிவருமா?

#8 கொத்மலை_ஓயா எழுதியது:

அக்கா, மோர்பின் இதற்குப் பொருந்தாது. பல்லாண்டு நீடிக்கும் மூட்டு வலி, தசை வலிக்கு ஓபியாய்ட் நீண்டகாலத்தில் பெரிய பலன் தருவதில்லை. ஆபத்து மட்டும் ஏறுகிறது. சிலருக்கு நரம்புகளே கூர்மையாகி வலி கூடுவதும் உண்டு. பார்மசி அண்ணா பயப்படுகிற இடம் இதுதான், அங்கே நான் அவர் பக்கம். டைகுளோபினாக்கைத் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம், அம்மாவுக்குப் பிரஷர் இருந்தால் இன்னும் கவனம். அதையே ஜெல்லாகப் பூசினால் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, முழங்காலுக்கு ஓரளவு கேட்கும்.

நீங்கள் கேட்டது போன்ற ஊசி ஒன்று உண்மையிலேயே வந்து, போனது. பெயர் டனெசுமாப். நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள், எட்டுக் கிழமைக்கு ஒரு ஊசி. மூட்டு வலி குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2021 இல் அமெரிக்க ஒழுங்குபடுத்துநர்களின் ஆலோசனைக் குழு எதிராக வாக்களித்தது, கம்பனிகள் அந்த ஆண்டே கைவிட்டன.

ஓபியாய்ட் இல்லாத வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கொச்சிக்காயின் (மிளகாயின்) கதை. கொச்சிக்காய் உறைப்பது டிஆர்பிவி1 என்ற வாங்கியால் என்று டேவிட் ஜூலியஸின் ஆய்வுகூடம் 1997 இல் காட்டியது. சூட்டையும் உறைப்பையும் உணர்வது ஒரே புரதம். 2021 இல் ஆர்டெம் பட்டபூட்டியனோடு அவருக்கு நோபல் கிடைத்தது. உறைப்பான அந்தக் கப்சைசினை 8 வீதத்தில் வைத்த ஒட்டுத்துணி ஒன்று இருக்கிறது. வைத்தியர் கையுறையோடு ஒட்டி ஒரு மணித்தியாலம் வரை வைத்து எடுப்பார். தோலிலுள்ள வலி நரம்பு நுனிகள் தற்காலிகமாகப் பின்வாங்கும், மூன்று மாதம் வரை ஆறுதல் கிடைக்கும். அக்கி வந்துபோன பிறகு நிற்கும் நரம்பு வலிக்கு அதைப் பாவிக்கிறார்கள். வீட்டில் கொச்சிக்காய் அரைத்துப் பூசிப் பார்க்க வேண்டாம், தோல் வெந்துவிடும்.

அதே வாங்கியைக் கப்சைசினைவிடப் பல மடங்கு பலமாகத் தாக்கும் ரெசினிபெரடொக்சின் மொரொக்கோவில் வளரும் ஒரு கள்ளியின் பாலில் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கல் ஐயடரோலாவின் குழு, வேறெதற்கும் அடங்காத புற்றுநோய் வலிக்கு அதை முண்ணாணைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் ஒரே ஊசியாகப் போட்டுச் சோதித்து வருகிறது. வலி நரம்புகளை மட்டும் தேர்ந்து செயலிழக்கச் செய்வதே நோக்கம். தொடுகையும் கைகால் அசைவும் அப்படியே இருக்க வேண்டும். மஸ்கெலியா தம்பியின் அப்பா போன்றவர்களுக்காகத்தான் அந்த ஆராய்ச்சி. (நம் பக்கம் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும் அதே பேரினம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, பரிசோதிக்கப் போகாதீர்கள்.)

சோடியக் கால்வாய் பக்கமும் ஒரு முன்னேற்றம். 2006 இல் பாகிஸ்தானில் வலியே உணராத சில குடும்பங்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் குழு, நவ்1.7 என்ற சோடியக் கால்வாயின் பரம்பரை அலகு பழுதானதுதான் காரணம் என்று கண்டது. அந்தத் தேடல் தொடங்கக் காரணமான சிறுவன், தெருவில் கத்தியைக் கையில் குத்திக் காட்டி வேடிக்கை காட்டியவன், கூரையிலிருந்து குதித்து, ஆய்வாளர்கள் அவனை நேரில் பார்க்கும் முன்பே இறந்துபோனான். வலி நம்மைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நவ்1.7 இல் பல மருந்துகள் தோற்றன. அதன் உறவான நவ்1.8 ஐ அடைக்கும் சுசெட்ரிஜின் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, சத்திரசிகிச்சைக்குப் பின் வருவது போன்ற திடீர் வலிக்கு. மூளையின் ஓபியாய்ட் வாங்கிகளைத் தொடாததால் அது அடிமையாக்கும் என்று எதிர்பார்க்கப்படவில்லை. ஆனால் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியில் சோதித்தபோது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் வலி ஏறக்குறைய அதே அளவு குறைந்தது.

வெறும் மாத்திரையை ஏளனமாக நினைக்க வேண்டாம். 1978 இல் பல்லுப் பிடுங்கியவர்களிடம் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் செய்த ஆய்வில், மருந்தில்லா ஊசியால் வந்த ஆறுதல் நலொக்சோன் கொடுத்ததும் மறைந்தது. நம்பிக்கையே உடம்பின் சொந்த ஓபியாய்டுகளை இறக்கிவிட்டிருக்கிறது. மலைத்தொடர் சேர் சொன்ன என்கெபலின்களின் குடும்பம்தான்.

அம்மாவுக்கு இன்றைக்கு உதவக்கூடியது தோள், தொடைத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி இருந்தால் கட்டாயம் அனுப்புங்கள்.

#9 ஊவாக்குயில் எழுதியது:

நன்றி தம்பி. ஜெல்லும் பயிற்சியும் பற்றிக் கிளினிக்கில் கேட்கிறேன்.

#10 பழைய_ஈஎம்ஏ எழுதியது:

நான் தோட்ட டிஸ்பென்சரியில் வேலை செய்து ஓய்வெடுத்தவன். மஸ்கெலியாத் தம்பியின் மூன்றாவது கேள்வியை யாரும் முழுதாகத் தொடவில்லை. நாலு மணித்தியால மருந்து வார்டுக்குச் சரி. மேல் டிவிஷனில் இருந்து பிரதான வீதிக்கு இறங்கவே ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டிய தோட்டங்கள் இருக்கின்றன. மண்சரிவு வந்தால் அதுவும் இல்லை. 2022 இல் எரிபொருளும் மருந்தும் இல்லாமல் நாடே தவித்தபோது தோட்டத்தில் இருந்தவர்கள் பட்டபாடு சொல்லி முடியாது. நம்மவர்களுக்குத்தான் நீண்டநேர மருந்து மிகத் தேவை.

வகைகள் இவை. மெதுவாக வெளிவிடும் மோர்பின் மாத்திரை, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. பென்டனில் ஒட்டு, தோலில் ஒட்டினால் 72 மணித்தியாலம். புப்ரெனோர்பின் ஒட்டில் ஏழு நாள் நிற்பதும் உண்டு. புப்ரெனோர்பின் மியூ வாங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும், ஆனால் அதைப் பாதியளவே இயக்கும். ஆகவே மூச்சை அடக்கும் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. மெதடோனும் நீளமாக நிற்கும், ஆனால் ஏமாற்றும். வலி ஆறுவது ஆறு முதல் எட்டு மணித்தியாலம், உடம்பை விட்டுப் போக ஒரு நாளுக்கும் மேலாகலாம். பீலித் தண்ணீர் விழும் பீப்பாவில் அடியில் சின்ன ஓட்டை இருந்தால் எப்படி? உள்ளே வருவதைவிட வெளியே போவது குறைவு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரம்பி வழியும். மெதடோன் அப்படித்தான் நாளுக்கு நாள் சேரும். அனுபவமுள்ள டொக்டர் கையில்தான் அது இருக்க வேண்டும்.

இப்போது நம் மலைக்கென்றே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, குளிர். பென்டனில் ஒட்டின மேல் சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இழுபடும், மூச்சு அடங்கலாம். நுவரெலியாக் குளிரில் சுடுதண்ணீர்ப் போத்தல் வைப்பதும், அடுப்படியில் முதுகு காட்டி உட்காருவதும், ஒத்தடம் கொடுப்பதும் வழக்கம். ஒட்டு இருக்கிற பக்கம் இது எதுவும் கூடாது. கடும் காய்ச்சல் வந்தாலும் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். ஒட்டை எடுத்த பிறகும் தோலுக்கடியில் உள்ள மருந்து பல மணித்தியாலம் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, குடி. கசிப்போ சாராயமோ, ஓபியாய்டோடு சேர்ந்தால் இரண்டும் மூச்சை அடக்கும். அதுமட்டுமில்லை, சில மெதுவான மாத்திரைகளின் மேலுறையை மதுசாரம் கரைத்து முழு மருந்தையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும். பலடோன் என்ற ஹைட்ரோமோர்போன் மாத்திரையை 2005 இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்ததே இதனால்தான். வலிக்கு ஒரு கிளாஸ் போடுவது நம் லயங்களில் சாதாரணம் என்பதால் சொல்கிறேன்.

#11 ஹட்டன்_பார்மசி எழுதியது:

ஐயா எழுதியது உண்மை. புற்றுநோய்க்காரருக்கு மருந்து மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அப்படி விளங்கியிருந்தால் தெளிவாக்குகிறேன்: கொடுக்க வேண்டும், நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். நான் கேட்பது வீட்டில் பூட்டு. மீதியாகும் மருந்து பிள்ளைகள் கையில் போகக்கூடாது. ஓத்மலைத் தம்பியிடம் ஒரு கேள்வி: வலியை மட்டும் அடக்கி, மூச்சையும் ஆசையையும் தொடாத மோர்பின் வரும் என்று சில வருடத்துக்கு முன் வாசித்தேன். என்ன ஆனது?

#12 கொத்மலை_ஓயா எழுதியது:

(கொத்மலை, அண்ணா!)

அது வாங்கியோடு சேரும் பீட்டா அரஸ்டின் என்ற புரதத்தின் கதை. மியூ வாங்கி இயங்கும்போது ஜி புரதப் பாதையும், பீட்டா அரஸ்டின் பாதையும் திறக்கும். 1999 இல் லோரா போனும் சகாக்களும் பீட்டா அரஸ்டின் 2 இல்லாத எலிகளில் மோர்பின் கூடுதலாக, நீண்டநேரம் வேலை செய்வதைக் காட்டினார்கள். அடுத்த ஆய்வுகளில் மூச்சடங்குவதும் குறைவாகத் தெரிந்தது. அப்படியானால் ஜி புரதப் பாதையை மட்டும் திறக்கும் மருந்து போதுமே என்று உலகமெங்கும் தேடினார்கள். ஒலிசெரிடின் அதில் வந்தது, 2020 இல் ஆஸ்பத்திரியில் ஊசியாகக் கொடுக்க அனுமதி கிடைத்தது. ஆனால் அதே ஆண்டளவில் வேறு ஆய்வுகூடங்கள் அந்த எலிகளை மறுபடி சோதித்தபோது மூச்சு அடங்கத்தான் செய்தது. வாங்கியை மென்மையாக இயக்குவதுதான் ஒலிசெரிடினின் பாதுகாப்புக்குக் காரணமாக இருக்கலாம் என்று இப்போது பலர் கருதுகிறார்கள். நீங்கள் கேட்ட அந்த மருந்து இன்னும் வரவில்லை. கீஃபரின் எலிகள் 1996 இல் சொன்ன முடிச்சை யாரும் முழுதாக அவிழ்க்கவில்லை.

#13 மஸ்கெலியா_மகன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இங்கே எழுதியதை அம்மாவுக்கும் அத்தைக்கும் போனில் வாசித்துக் காட்டினேன். இப்போது மணிக்கூடு பார்த்துக் கொடுக்கிறார்கள், அப்பா இரவில் நித்திரை கொள்கிறார். மலம் இளக்க மருந்தும் வாங்கியாச்சு. அடுத்த முறை பன்னிரண்டு மணித்தியால மாத்திரைக்கு மாற்றலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு விழுங்கக் கஷ்டம். அம்மா அதைப் பொடியாக்கிக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

#14 இரவு_டியூட்டி எழுதியது:

கூடவே கூடாது தம்பி. பொடியாக்கினால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கான மோர்பின் ஒரேயடியாக வெளிவரும். பார்மசித் தம்பி ஒக்ஸிகொன்டின் பற்றிச் சொன்னது இதேதான். முழுதாக விழுங்க முடியாது என்றால் டொக்டரிடம் இப்போதே சொல்லுங்கள், பாணியிலேயே தொடரலாம், அல்லது ஒட்டுக்கு மாற்றலாம். சிறுநீரகம் எப்படி என்றும் கேளுங்கள். அது பலவீனமாக இருந்தால் மோர்பினின் கழிவுகள் உடம்பில் சேரும், அளவைக் குறைக்க வேண்டும் அல்லது வேறு மருந்து வேண்டும்.

அம்மாவுக்கு இதையும் சொல்லி வையுங்கள்: எழுப்பியும் எழும்பாத தூக்கம், மூச்சு மிக மெதுவாகி இடைவெளி விட்டு வருவது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குவது, இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த அளவைக் கொடுக்காமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஆஸ்பத்திரியில் நலொக்சோன் இருக்கிறது.

போத்தலைப் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள், சாவி அம்மாவிடம் இருக்கட்டும். மாத்திரைக்கு மாறினால் மீதிப் பாணியைக் கிளினிக்குக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள்.